முதல் பரிசுப் பணம்

மாரத்தானில் இரண்டாவதாக வந்த நிலோபரைத் தேடி, போட்டியை நடத்திய உமேஷ் அவனியாபுரத்துக்கே வந்துவிட்டார்.

"முதல்ல வந்த பிருந்தா ஊக்கமருந்து சோதனையில மாட்டிக்கிருச்சும்மா. முதல் பரிசு இனி உனக்குத்தான்."

"சளிக்கு மாத்திரை போட்டாண்ணே. வேற ஒண்ணுமில்ல."

"கூட்டாளிங்கிறதால பேசுற. வாங்குன பணத்தை அது திருப்பிக் கட்டுனாத்தான் உனக்குத் தர முடியும். கட்டாட்டி இனிமே ஓடவே விடமாட்டாங்க. கேட்டா, செலவாயிருச்சுங்குது. எதுக்குன்னு வாயே திறக்கல. அம்புட்டையும் எங்க தொலைச்சுச்சோ."

உமேஷ் பேச்சை மாற்றி, அவளுடைய அப்பாவைப் பற்றி விசாரித்தார்.

"சரி, ஆபரேஷனுக்கு அப்புறம் உங்க அத்தா எப்படி இருக்காரு?"

"நடக்குறாருண்ணே. பரிசு வாங்குன கையோட ஆஸ்பத்திரிக்கு வந்து, அந்த ஆபரேஷனுக்குப் பணம் கட்டுனது பிருந்தாதாண்ணே."