டர்போவின் குரல்

மலையேறி வந்த லாரி டீக்கடை முன்னால் நின்றதும், சன்னாசி வழக்கம்போலச் சட்டென்று எஞ்சினை அணைத்தான். ஆயில் ஓட்டம் நின்றது. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போ மட்டும், பழுக்கக் காய்ந்த நிலையில், சொட்டு ஆயில் இல்லாமல் சுற்றிச் சுற்றி அடங்கியது. அதன் பேரிங் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது.

"ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு அணைச்சா நான் உன்கிட்ட வந்து குளிர வச்சிருப்பேன், அக்கா," என்றது ஆயில். "நானே கரியாப் போயிட்டேன், மாத்த மாட்டேங்கிறான். நீயாவது கத்திச் சொல்லேன்."

"இன்னிக்கு மேட்டுல தொண்டை கிழியக் கத்தினேனே!"

"அவனுக்குக் கேட்டுதா?"

கேட்டிருந்தால் போதும் என்றுதான் டர்போவும் நினைத்தது. ஒரு மெக்கானிக் கைவைத்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

சன்னாசி டீ கிளாஸோடு வந்து பக்கத்து லாரிக்காரனிடம் சொன்னான்: "மேட்டுல ஏறுறப்ப என் வண்டி அடிச்ச விசிலைக் கேட்டியா மாப்ளே? முன்னெல்லாம் இப்படிப் பாடாது. இப்பத்தான் குரல் நல்லாத் திறந்திருக்கு."

"எங்கே, இன்னொரு தடவை பாடச் சொல்லு!"

சன்னாசி ஏறி உட்கார்ந்து, எஞ்சினைக் கிளப்பி, ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தான். டர்போ கத்தாமல் இருக்கத்தான் பார்த்தது. முடியவில்லை.

கீழே நின்றவன் கைதட்டினான்.