எலிக்கு என்ன குறை

தத்துப் பிள்ளை கேட்டு மனுப் போட்டால், நலத்துறை ஒரு வாரத்துக்கு ஓர் எலியை வீட்டில் விட்டுவிட்டுப் போகும். கூண்டில் இரண்டு குப்பிகள் இருக்கும். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் போதைத் தண்ணீர். நிம்மதியான வீட்டில் எலி போதையைத் தொடாது என்பது அவர்கள் கணக்கு.

பரிமளா எலிக்கு ஊஞ்சல் கட்டினாள். வேர்க்கடலை வறுத்துப் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் கதை பேசினாள். வேலை முடிந்து வந்த புருஷன் சேந்தன், "இன்னிக்கு ஆபீஸ்ல என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தால், "அப்புறம் பேசலாம், எலி தூங்குது" என்று அடக்கினாள்.

அப்படியும் தினமும் காலையில் போதைக் குப்பியில் தண்ணீர் குறைந்திருந்தது.

"உனக்கு இன்னும் என்னடா குறை?" என்று எலியிடம் எரிந்து விழுந்தாள். "ஊஞ்சல் இருக்கு, தீனி இருக்கு, பேச்சுத் துணைக்கு நான் இருக்கேன்."

வாரக் கடைசியில் வந்த அதிகாரி, காலிக் குப்பியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு எலியின் ரத்தத்தில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தார்.

"எலி இதைத் தொடவே இல்லைங்க. ரத்தம் சுத்தமா இருக்கு."

பரிமளா மெல்லத் திரும்பினாள். சேந்தன் எலியின் ஊஞ்சலையே பார்த்துக்கொண்டிருந்தான்.