ஊசிக்குப் பயந்தவர்

“டிரைவரே, இன்னைக்கு எனக்கு மருந்து ஏத்துற நாள். நீங்க பக்கத்துல இல்லாட்டி நான் போகமாட்டேன்!”

தச்சரின் குரல், பஸ் டிரைவராக இருந்த அப்பாவின் போனுக்கு வெளியிலும் கேட்டது. மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்களுக்கே நிக்கத் தெம்பில்ல. அவருக்குத் துணைக்குப் போகணுமாப்பா?”

“பாவம்மா. ஆள்தான் மலை மாதிரி. ஊசின்னா பச்சைப்புள்ள.”

மற்ற நாளெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பவர், எழுந்து சவரம் செய்ய உட்கார்ந்தார்.

இருவருக்கும் சிறுநீரகத்தில் புற்றுநோய். உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் புது மருந்துக்கு யாருடைய நோய் கேட்கும் என்று பார்க்க, ஒன்றாகத்தான் ரத்தம் கொடுத்தார்கள். தச்சருக்குக் கேட்கும் என்றது பரிசோதனை. அப்பாவுக்குக் கேட்பது சந்தேகம் என்று வேறு மாத்திரை கொடுத்துவிட்டார்கள்.

தனக்கில்லாத மருந்து இன்னொருவர் உடம்பில் சொட்டுச் சொட்டாய் இறங்குவதை அப்பா உட்கார்ந்து பார்க்கவேண்டுமா? கடவுளே, என்ன மனுஷன் இந்தத் தச்சர்!

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியை எடுத்ததுமே தச்சர் அலறினார். “ஐயோ, டிரைவரே!”

அப்பா அவர் கையை இறுக்கிப் பிடித்தார். “அசையாதீங்க. வண்டி ஸ்டாப்புக்கு வந்தாச்சு... அவ்ளோதான், இறங்கலாம்.”

நர்ஸே சிரித்துவிட்டாள். அப்பா டீ வாங்கக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் மகள் கொட்டிவிட்டாள். “உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? நோயாளியை அலைய விடுறீங்களே! இந்த வயசுல ஊசிக்கு என்ன பயம்?”

தச்சர் தலை குனிந்தார். பிறகு, ஊசி ஏறாத கையை மெல்ல விரித்துக் காட்டினார். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.

“ரம்பத்துல போச்சும்மா. தையல் போடறப்ப, மரத்துப்போற ஊசியே வேண்டாம்னு சொன்னவன் நான்.”

“அப்புறம் ஏன்...”

“ரத்த ரிசல்ட் வந்த அன்னைக்கு உங்கப்பா வெளிய பெஞ்சுல உக்காந்து, ‘இனிமே நான் யாருக்கு உபயோகம்?’னு கேட்டாரும்மா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

மகள் திரும்பிப் பார்த்தாள்.

நடைபாதைக் கோடியில், டீ சிந்தாமல் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தார் அப்பா.

தச்சர் சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“எங்க போயிட்டீங்க டிரைவரே? கை நடுங்குது பாருங்க, வந்து பிடிங்க!”