எல்லாம் நாலு டிகிரி

பால் கம்பெனிக்கு வந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி, வழக்கம்போல் பதிவேட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடப் போனவர், பேனாவை நிறுத்தினார்.

"ஏம்மா, குளிர் அறை நாலு டிகிரின்னு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எழுதியிருக்கீங்களே! ஜோசியமா?"

தரம் பார்ப்பவள் தலைகுனிந்து நின்றாள். அதிகாரி உள்ளே போய் அளந்தார். பதினொன்று! அறைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்.

முதலாளி எரிந்து விழுந்தார். "பன்னெண்டு வருஷமா இதைத்தானே எழுதுற? இன்னிக்குப் போய்க் கோட்டை விட்டியே!"

"அசதில தேதி மாறிடுச்சு சார்."

அசதி என்னவோ நிஜம்தான். பழுதான குளிர் மிஷினை மாற்றச் சொல்லி, முதலாளியிடம் கெஞ்சிக் கெஞ்சியே ஓய்ந்துபோயிருந்தாள். அதனால்தான் காலையில், அதிகாரி வருகிறார் என்று போன் வந்ததும், நாளைய பக்கத்தைப் புரட்டி, நிதானமாக எழுதி வைத்தாள்.