காயென்று நினைத்த வீடு

மரக்கிளையில் காய்போல் புடைத்திருந்ததைக் கடிக்கப் போனது கட்டெறும்பு.

"கடிக்காதே தாயி, உள்ளே நான் குடியிருக்கிறேன்" என்றது ஒரு குரல்.

எறும்பு அதிலிருந்த ஊசித்துளை வழியே எட்டிப் பார்த்தது. காலும் இறகும் இல்லாத ஓர் உருண்டை தெரிந்தது.

"நீயெல்லாம் என்ன இனம்?"

"பூச்சிதான். செதில் பூச்சி."

"பூச்சிக்கு ஆறு கால் இருக்கும். எங்கே, காட்டு பார்ப்போம்."

"குஞ்சில் இருந்தது. நடந்து வந்துதான் இந்தக் கிளையைப் பிடித்தேன். பிள்ளை பெற உட்கார்ந்ததும் போய்விட்டது. மகன்களுக்கு இறகு முளைத்திருக்கிறது. தங்கைகளைச் சுமந்துகொண்டு நாளை பறந்துவிடுவார்கள்."

"இருந்த காலையும் தொலைத்தாயா? எங்கள் குலத்தில் அப்படி ஒருத்தி கிடையாது."

"உன் அம்மா பறப்பாளா தாயி?"

தினமும் இரையை வைத்துவிட்டு ஓடிவருகிற அம்மாவின் அறைக்கு எறும்பு அன்று வெறும் வாயோடு போனது. முட்டைகளுக்கு நடுவே கிடந்த அம்மாவின் முதுகைத் தடவிப் பார்த்தது. இரண்டு பக்கமும் இறகு ஒடிந்த தழும்பு இருந்தது.