வாளிக்குள் கேமரா

கேமரா தண்ணீர் வாளியின் அடியில் கிடந்தது. அதன் பச்சை விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

“பாத்தீங்களா மாமா? இன்னும் உசுரோடதான் இருக்கு!” மச்சான் வாளிக்குள் கையை விட்டு அதை எடுத்துச் சட்டையில் துடைத்தான். “ஆளுயரத்துலேருந்து போட்டாலும் உடையாது. உங்க கேமராவை இப்படி முக்க முடியுமா?”

போட்டோகிராபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடமாகக் கல்யாண வீடுகளில் நின்று நின்று கால் தேய்ந்தவர் அவர். மச்சானோ குழாய் வேலை பார்ப்பவன். தொட்டிக்குள்ளே விரிசல் எங்கே என்று வீட்டுக்காரர்களுக்குக் காட்டத்தான் அந்தச் சோப்பு டப்பா கேமராவை வாங்கியிருந்தான். அவனுக்குப் போய்ப் புகைப்படச் சங்கப் போட்டியில் முதல் பரிசு! இவருக்கு இரண்டாவது.

இரண்டாவது என்றால் ஒரு சான்றிதழும் ஒரு கைகுலுக்கலும்தான். சங்கத்தின் அடுத்த வருடக் காலண்டர், பன்னிரண்டு பக்கமும், முதல் பரிசுக்காரரின் படங்களுக்கு. அந்தக் காலண்டருக்காக அவர் மூன்று வருடமாகத் தவம் கிடக்கிறார்.

“இதோட சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான்டா இருக்கும். என்னுது ஃபுல் ஃப்ரேம், தபால் தலை அளவு! வெளிச்சத்தை அப்படியே குடிக்கும். இது ரெண்டும் ஒண்ணாடா?”

“ஆனா பரிசு வந்துடுச்சே மாமா.”

“படம் எடுக்கறது கண்ணுங்க, கேமரா இல்ல” என்றாள் மனைவி. அவள் தன் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமாகக் கழுத்துப் பிடிப்பு.

“நீ சும்மா இரு. தலையணையை மாத்துன்னா கேக்க மாட்டே, கேமராவைப் பத்திப் பேச வந்துட்டே!”

மச்சானின் செல்போன் அடித்தது. எங்கேயோ குழாய் உடைந்து வீடெல்லாம் தண்ணீராம். கிளம்பியவன், கொண்டுவந்த பரிசுக் கோப்பையை மேசை மேலேயே விட்டுவிட்டு நடந்தான்.

“கப்பு இங்கயே இருக்கட்டும்க்கா.”

“என் வீட்டுலயே வச்சு என்னை வெறுப்பேத்தறான் பார்!” என்று பல்லைக் கடித்தார் அவர்.

கணினியைத் திறந்தார். பரிசு பெற்ற படங்களின் ஒரிஜினல் ஃபைலைச் சங்கம் தன் பக்கத்தில் போட்டிருந்தது. முதல் பரிசுப் படத்தில், இரவுப் பணி முடித்த நர்ஸ் ஒருத்தி பேருந்து நிறுத்தத்தில் தூங்குகிறாள். செருப்பைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள். வெளியே விடிகாலை மழை. தெருவிளக்குகள் எல்லாம் பின்னால் கரைந்து, உருண்டை உருண்டையாக மிதக்கின்றன.

நல்ல படம்தான். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பார்த்துக்கொண்டே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஏய், இங்க வா! அந்த டப்பாவுல பின்னணி இப்படிக் கரையவே கரையாது. முன்னாடி பின்னாடி எல்லாமே பளிச்சுன்னுதான் விழும். இதுல என்னவோ தில்லுமுல்லு இருக்கு!”

“விடுங்களேன். பரிசு கொடுத்து முடிஞ்சாச்சு.”

“விடறதா?” எந்தக் கேமரா எடுத்தது என்று ஒவ்வொரு படமும் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். குழாய்க்காரனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? அவர் ஃபைலின் விவரங்களைத் திறந்தார்.

ஃபுல் ஃப்ரேம். கேமராவின் வரிசை எண்ணும் இருந்தது. அதை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அலமாரியின் மேல் தட்டில், பைக்குள் பை, அதற்குள் துணி சுற்றி வைத்திருக்கும் அவருடைய கேமராவின் எண் அது.

“திருட்டுப் பயல்! என் கேமராவையே எடுத்து என்னையே தோக்கடிச்சிருக்கான்!” நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “தேதி பாரு. போன வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, காலையில அஞ்சே முக்கால். முந்தின நாள் வரவேற்பு முடிஞ்சு வந்து நான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தேன்.”

“மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போகுது.”

“கேக்கட்டும்! இப்பவே சங்கத் தலைவருக்கு போன் போட்டு அவன் பரிசைக் கேன்சல் பண்ணச் சொல்றேன். அந்தக் காலண்டர் எனக்குத்தான் வரணும்.” அவர் விரல் எண்களை அழுத்தியது. மணி அடிக்கத் தொடங்கியது. அதற்குள் வேறொன்று நினைவுக்கு வர, அலமாரிப் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, அன்னிக்குக் கொட்டுற மழை! ஒரு தூறல் விழுந்தாலே நான் அதைப் பையை விட்டு எடுக்க மாட்டேனே. டப்பா மாதிரி நினைச்சுத் தண்ணியில பிடிச்சிருப்பானே! உள்ள நனைஞ்சிருந்தா என்னடி ஆகும்?”

மனைவி தைலப் புட்டியை மூடி வைத்தாள். அவர் கையிலிருந்த செல்போனை மெதுவாக வாங்கி, அழைப்பைத் துண்டித்தாள்.

“நனையலைங்க. குடையைக் கழுத்துல இடுக்கிக்கிட்டுத்தானே எடுத்தேன்.”