வானத்துக்கு மட்டும் பில்ரர்

"அந்தப் பில்ரரையும் கழட்டுங்கோ தம்பி."

பரிமளமக்கா இப்பிடிச் சொன்னது இரண்டாந்தரம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

கனடாவிலை, ஸ்காபரோவிலை பாதித் தமிழ்க் கலியாணத்துக்கு என்ரை கமராதான் போகும். சீமோன் எடுத்தால் பொம்பிளை வடிவா வரும் எண்டு சனம் சும்மா சொல்லேல்லை. எனக்கு இவ பில்ரர் படிப்பிக்கிறா.

அண்டைக்கு எடுக்கப் போனது கலியாணப் படமில்லை, கலியாணம் பேசுறதுக்கு அனுப்புற படம். மாப்பிள்ளை நோர்வேயிலை. பனிச்சறுக்கெண்டால் அவருக்கு உயிராம். பொம்பிளை துர்க்காவும் இங்கை பள்ளிக்கூடத்திலை ஸ்கீ பழகினவள் எண்டு கேள்விப்பட்டு, அப்பிடி ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தினம். தொண்ணூற்றெட்டு மாசிக் குளிருக்குள்ளை நாங்கள் மூண்டு பேரும் ஸ்கீ மலையடியிலை நிண்டது அதுக்குத்தான்.

துர்க்காவின்ரை தகப்பன் தங்கத்துரை அண்ணைக்குப் பிறம்ரனிலை வெயர்ஹவுஸ் வேலை. லீவு கிடைக்கேல்லை. ஆனால் மனுசன் முதல்நாளே போன் எடுத்து, பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு, பாத்து எடும் தம்பி எண்டு கெஞ்சாக் குறையாச் சொன்னவர். தகப்பன் எண்டால் அப்பிடி இருக்கவேணும்.

பரிமளமக்கா பெத்த தாயில்லை, சின்னம்மா. தாய் செத்தாப் பிறகு அண்ணை படம் பாத்து, கலியாணம் கட்ட ஊரிலையிருந்து எடுப்பிச்ச மனுசி.

பனியிலை ஆக்களைப் படம் எடுக்கிறது லேசில்லை. சுத்திவர ஒரே வெள்ளை, முகம் இருண்டுபோகும். வெளிச்சத்தை அளந்து கணக்கா எடுத்தால் உள்ள நிறம் உள்ளபடி வரும்தான். ஆனால் கலியாணம் பேசுற படத்திலை உள்ள நிறத்தை ஆர் கேட்டது?

முதல் நான் லென்ஸுக்கு முன்னாலை போட்டது சொஃப்ற் பில்ரர் கண்ணாடி. பனியின்ரை வெளிச்சத்தை முகத்திலை பரப்பி, பால் பூசினமாதிரிக் காட்டும். அக்கா அதைக் கையிலை வாங்கி, கண்ணுக்கு முன்னாலை பிடிச்சுத் துர்க்காவைப் பாத்தா. பிறகு எடுத்துப்போட்டு வெறுங்கண்ணாலை பாத்தா. வேண்டாம் எண்டிட்டா.

இரண்டாவது தேன்நிறப் பில்ரர். முகம் பொன்னா மினுங்கும். அதையும் பிடிச்சுப் பாத்திட்டு, சாயம் போற சீலையைத் தள்ளி வைக்கிறமாதிரித் திருப்பித் தந்தா.

போலறைசரை எடுத்தன்.

"உது என்ன செய்யும்?"

"வானத்தை நல்ல நீலமாக்கும் அக்கா. பனி கூசுறதையும் குறைக்கும்."

"வானத்தை நீங்கள் என்னவும் செய்யுங்கோ. பிள்ளையின்ரை முகத்தைத் தொடாதேங்கோ."

துர்க்கா சிரிச்சுக்கொண்டு லிஃப்ற்றிலை ஏறி மேலை போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். வந்த நல்ல சம்மந்தத்தை உந்த மனுசி வேணுமெண்டு குழப்புது. என்ரை வாய் சும்மா இருக்கேல்லை.

"நீங்கள் பெத்த பிள்ளையெண்டால் இப்பிடிச் செய்வியளோ அக்கா?"

கேட்டாப் பிறகுதான் நாக்கைக் கடிச்சன். அக்கா கோவிக்கேல்லை. மலை உச்சியிலை நிண்ட துர்க்காவைப் பாத்தபடியே சொன்னா.

"என்ரை படத்தையும் ஊரிலை ஸ்ரூடியோக்காரன் வெள்ளையாக்கித்தான் குடுத்தவன் தம்பி. அதைப் பாத்துத்தான் உங்கடை அண்ணை ஓமெண்டவர். எயார்போட்டிலை வந்து இறங்கினன். என்னை மேலும் கீழும் பாத்திட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, 'படத்திலை இருந்த ஆள் எங்கை?'"

முதல்நாள் போனிலை கேட்ட அண்ணையின்ரை குரல் எனக்கு ஞாபகம் வந்துது. போலறைசரை மட்டும் லென்ஸிலை பூட்டினன்.

துர்க்கா இறங்கத் தொடங்கினாள். வளைஞ்சு வளைஞ்சு, பனி ரண்டு பக்கமும் பறக்க வந்து, எங்களுக்கு முன்னாலை பிரேக் அடிச்சமாதிரி நிண்டு, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திவிட்டுச் சிரிச்சாள். நீல வானம், வெள்ளைப் பனி, நடுவிலை அவளின்ரை கறுத்த முகம். சத்தியமாச் சொல்லுறன், இத்தினை வருசத்திலை அப்பிடி ஒரு வடிவை நான் படம் எடுத்ததில்லை. மளமளவெண்டு எடுத்துத் தள்ளினன்.

அவள் திரும்பவும் லிஃப்ற்றுக்குப் போக, அக்கா என்ரை பக்கத்திலை வந்து நிண்டா.

"அண்டைக்கு எயார்போட்டிலை அவர் தள்ளித்தான் நிண்டவர். 'வாங்கோ சின்னம்மா' எண்டு என்ரை கையைப் பிடிச்சு வீட்டை கூட்டிக்கொண்டு போனவள் உவள்தான் தம்பி, பத்து வயசு அப்ப. உவளைப் பாத்து ஒருத்தனும் அந்தக் கேள்வியைக் கேக்கக் கூடாது."